ஏடிஎச்டி பிள்ளையின் கோபமும் அழுகையும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமைகளில் பிள்ளைகள் தெரபிக்கு உள்ளே போனதும், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அம்மாக்களோடு பேசிக்கொண்டிருப்பேன். என் மகனுக்கு ஏடிஎச்டி (கவனம் நிற்காமல், துறுதுறுப்பும் அவசரமும் கூடுதலாக இருக்கும் பிரச்சினை) என்று தெரிந்தபோது வயது எட்டு, இப்போது பதினேழு. போன வாரம் புதிதாக வந்த ஒருவர் சொன்னார்: "மாத்திரை போட்டதுலேருந்து இவன் சரியான கோபக்காரனாயிட்டான்க்கா. நானே நிறுத்திட்டேன்." ஒன்பது வருடத்துக்கு முன் நான் சொன்னதும் இதேதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடிக்காதீர்கள், நாலு பேர் முன்னால் திட்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோபத்தை வேறொரு நோய் என்று முடிவுகட்டுவது

ஏடிஎச்டியைக் கண்டறிய டாக்டர்கள் பார்க்கும் அறிகுறிகள் 18. கவனம் பற்றி 9, துறுதுறுப்பும் அவசரமும் பற்றி 9. கோபமும் அழுகையும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் "இது வளர்ப்பு சரியில்லாததால் வந்தது" என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள், மீதிப்பேர் "பைபோலாரோ?" (மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) என்று பயப்படுகிறார்கள். குறுக்கே பேசும் நாக்கை அடக்க முடியாத அதே தடுமாற்றம்தான் கோபத்தை அடக்குவதிலும் இருக்கிறது. பைபோலாரில் மனம் உச்சத்தில் இருக்கும் காலத்தை நாள்கணக்கில் பார்க்கிறார்கள். தீவிர நிலைக்கு ஒரு வாரம், மிதமானதற்குக் குறைந்தது 4 நாள். நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஏதோ ஒன்று நடக்கும், உடனே பொங்கும், நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அடங்கும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு என்பதால் தீர்ப்பு டாக்டருடையது.

"அஞ்சு நிமிஷத்துல சிரிக்கிறான், அப்போ நடிப்புதானே?"

இல்லை. அழுததும் நிஜம், சிரிப்பதும் நிஜம்.

மணி பார்க்காமல் மாத்திரையை நிறுத்துவது

என் மகனுக்கு எழுதிக் கொடுத்தது மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏடிஎச்டி மருந்து. காலை எட்டு மணிக்கு ஒன்று, மதியம் பள்ளியில் ஒன்று. பள்ளியிலிருந்து புகார் வருவது நின்றது. ஆனால் மாலை நாலரைக்கு வேனைவிட்டு இறங்கும்போதே சண்டை. ஷூவைக் கழற்றச் சொன்னால் அழுகை. பால் டம்ளரில் ஆடை மிதந்தால் அலறல். "மாத்திரைதான் புள்ளைய இப்படி ஆக்குது" என்றார் அத்தை. நானும் நம்பினேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தினேன்.

மூன்றாம் வகுப்பு முழுக்க மருந்தில்லாமல் போனது. வகுப்பில் அவனுக்குத் தனி பெஞ்ச் போட்டார்கள். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். "நான் கெட்ட பையன்தானேம்மா?" என்று கேட்கப் பழகினான். மார்க் பிறகு ஏறிவிட்டது. அந்தக் கேள்வி அவனைவிட்டுப் போக நாலைந்து வருடம் ஆனது. இன்றைக்கும் இதை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த வருடம் வேறொரு டாக்டரிடம் போய் மறுபடி ஆரம்பித்தோம். மாலைச் சண்டையும் திரும்பி வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு அழறான்?" எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம், பொங்கிய நேரம், இந்த நான்கையும் இரண்டு வாரம் நோட்டில் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே நாலுக்கும் ஐந்தரைக்கும் நடுவில்.

அந்த மாத்திரையின் சாதாரண வகை சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். அது இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகளுக்கு எரிச்சல் முன்பைவிடக் கூடுதலாக வரும். மதியப் பசியையும் அதுவே அடைத்துவிடும். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். மருந்து இறங்கி, வயிறு காய்ந்து, நாள் முழுக்க அடங்கி உட்கார்ந்து களைத்துப்போன குழந்தையிடம் நான் முதலில் கேட்டது ஹோம்வொர்க் டைரியை.

டாக்டர் அதே மருந்தில் 8 முதல் 12 மணி நேரம் நிற்கும் வகைக்கு மாற்றினார். காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறு நிறைய இட்லியும் முட்டையும் கொடுத்தேன். வேன் நிற்கும் இடத்துக்கே வாழைப்பழமும் சுண்டலும் கொண்டுபோனேன். ஆறு மணிவரை புத்தகத்தைத் தொடவிடவில்லை. சண்டை முழுதாக ஓயவில்லை, ஆனால் தினமும் நடந்தது வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது.

இன்னொன்றையும் சேர்த்துக் கவனியுங்கள். மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்திலேயே, காலை பத்து மணிக்கே, பிள்ளை பொம்மைபோல் உட்கார்ந்திருக்கிறான், காரணமில்லாமல் கண் கலங்குகிறான் என்று டீச்சர் சொன்னால் அது வேறு விஷயம். அளவு கூடியிருக்கலாம், மருந்தே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். இரண்டுக்கும் டாக்டர் செய்வது வேறுவேறு. நேரம் தெரியாமல் அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏடிஎச்டிக்கே கொடுக்கும் இன்னொரு மருந்தான குளோனிடின் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்துவது ஆபத்தும்கூட; திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் எகிறும்.

பொங்கும்போது "ஏன்டா இப்படிப் பண்றே?" என்பது

அந்த நேரத்தில் பதில் அவனிடமே இல்லை. தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள், பேச்சைக் குறையுங்கள். இரவு படுக்கும்போது கேட்டால் அவனே சொல்வான்.

தங்கையோடு ஒப்பிடுவது

ஒருமுறைகூட வேண்டாம்.

"செத்துப்போறேன்" என்பதை மிரட்டல் என்று தள்ளுவது

அவசரப் புத்தியும் வேதனையும் ஒன்றுசேரும் இடம் அது. தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கலாம் என்று யோசிக்காதது

ஏடிஎச்டி பெருமளவு பரம்பரையாக வருவது. மகன் கத்தினால் அவனைவிட உரக்கக் கத்தும் என் கணவருக்கு 41 வயதில்தான் இது தெரியவந்தது. சிறு வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதையும் பிள்ளையின் டாக்டரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.