ஆளில்லாத வீடு அரசுக்குப் போய்விடுமா?

புதுச்சேரியில் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டைக் காட்டி, "ஆள் இல்லை, இனி அரசாங்கத்துக்குத்தான்" என்று பலர் சொல்கிறார்கள். இதை நம்பி உரிமையை விட்டவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பூட்டிக் கிடப்பதாலேயே எந்தச் சொத்தும் அரசுக்குப் போகாது. உரிமையாளர் உயில் எழுதாமல் இறந்து, வாரிசு ஒருவர்கூட இல்லாமல் போனால்தான் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவுக்கு வேலை. அப்போதும் சொத்தின் மேலுள்ள கடனோடுதான் அரசு எடுத்துக்கொள்ளும்.

பிள்ளை இல்லை என்றால் வாரிசே இல்லை என்று முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. ஓர் ஆண் இறந்தால், மனைவி, மக்கள், தாய் இல்லாதபோது தந்தை, அப்புறம் உடன்பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், சித்தப்பா, அத்தை, மாமா என்று வரிசை நீளும். அதற்குப் பிறகும் தூரத்துப் பங்காளிகள், பெண்வழி உறவுகள் இருக்கிறார்கள். இத்தனை தலைமுறைதான் என்ற வரம்பு கிடையாது. பிள்ளையில்லாத பெண்ணுக்குத் தாய் தந்தை வழியாக வந்த சொத்து, தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும். கணவர் வீட்டார் இருக்கிறார்களே என்று பிறந்த வீட்டார் ஒதுங்கிவிட வேண்டாம். வாரிசு இல்லை என்று யார் சொல்கிறாரோ அவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2017இல் சொல்லியிருக்கிறது.

புதுச்சேரியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சியின் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சமயச் சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. பிரெஞ்சு சிவில் சட்டம்தான். முன்னோர் எந்தப் பிரிவு என்று தெரியாமல் பாகம் பிரிக்காதீர்கள்.

எந்த அரசு என்பதிலும் குழப்பம் உண்டு. கடலூரில் உள்ள நிலம் தமிழ்நாட்டு அரசுக்குச் சேரும். பக்கத்திலேயே இருக்கும் பாகூர் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருப்பதால், அங்குள்ள நிலம் என்றால், அரசியலமைப்பின் 296ஆம் பிரிவுப்படி மத்திய அரசுக்கு. சொத்துக்கு உரிமை கேட்கும் மனுவை எங்கே கொடுப்பது என்பதை இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, வங்கிப் பணம்? 10 ஆண்டு யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படும். போனது போனதுதான் என்று விடாதீர்கள். வாரிசுகள் பிறகும் அந்த வங்கியிலேயே கேட்டு வாங்கலாம். எந்த வங்கி என்று தெரியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் உத்கம் (UDGAM) இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

தனியாக இருக்கும் பெரியம்மாவிடம் உயில் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். உயிலைப் பதிவு செய்வதுகூடக் கட்டாயமில்லை. அவர் கையெழுத்தோடு இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும்.