செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி700: காசு கொடுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

நிக்கான் டி700 கேமரா வந்தது 2008-ல். 12 மெகாபிக்சல்தான், வீடியோ கிடையாது. இருந்தும் இன்றுவரை தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அப்போது நிக்கானின் உச்சத்தில் இருந்த டி3-யின் அதே ஃபுல் ஃபிரேம் சென்சார் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவுள்ளது) இதிலும் உண்டு. தனக்கென மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களை ஓட்டும் ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள்ளேயே (லென்ஸ் இல்லாத கேமராவுக்குள்ளேயே) இருக்கிறது. ஏ3 அளவுக்குப் பிரிண்ட் போட இது தாராளம். நானும் ஒன்று வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே எழுதுகிறேன்.

1. கார்டு ஸ்லாட்

இது சிஎஃப் (காம்பாக்ட்ஃபிளாஷ்) என்ற பழைய வகை மெமரி கார்டு போடும் கேமரா. போனில் டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். மொத்தம் 50 பின்கள் வரிசையாக, நேராக நிற்க வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் வாங்காதீர்கள். சரிசெய்யும் செலவில் இன்னொரு பழைய பாடியைப் பற்றி யோசிக்கலாம்.

2. ஷட்டர் கவுன்ட்

ஷட்டர் இதுவரை எத்தனை முறை விழுந்திருக்கிறது என்ற கணக்கு இது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்த எண்ணைக் காட்டும் மெனு எதுவும் கேமராவில் இல்லை. ஃபைல் பெயரில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், 9999-க்குப் பிறகு அது மறுபடி முதலிலிருந்து ஓடும். விற்பவரிடம் "ஒரு போட்டோ அனுப்புங்க" என்றால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிவிடுவார். இந்த எண் படத்தின் ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும்; வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது அந்தத் தகவலும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, உங்கள் கார்டைக் கொண்டுபோய் நீங்களே ஒரு ஜேபெக் எடுத்து, லேப்டாப்பில் எக்ஸிஃப்டூல் (ஃபைலுக்குள் இருக்கும் தகவலைக் காட்டும் மென்பொருள்) மூலம் திறந்து பார்ப்பது. ஆன்லைனில் படத்தை ஏற்றி எண் சொல்லும் தளங்களும் உண்டு, எனக்கு எக்ஸிஃப்டூல்தான் பிடிக்கும். இலவசம், நெட் வேண்டாம்.

நிக்கான் இந்த ஷட்டரைச் சோதித்தது 1,50,000 கிளிக் வரை. அதைத் தாண்டியதும் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை; ஆனால் பேரம் பேச அது நல்ல ஆயுதம்.

3. பேட்டரி

செட்டப் மெனுவில் பேட்டரி இன்ஃபோ என்று இருக்கும். பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை காட்டும். 0 என்றால் புதுசு, 4 என்றால் மாற்ற வேண்டிய நேரம். வீட்டில் டி90 இருந்தால் அதே பேட்டரி இதற்கும் சேரும்.

4. லென்ஸ் மாட்டி ஒரு படம்

50 எம்எம் எஃப்/1.8 டி லென்ஸை மாட்டியதும் திரையில் 'எஃப்இஇ' என்று மின்னி, ஷட்டர் விழவில்லையா? கேமரா பழுது இல்லை. லென்ஸில் இருக்கும் அப்பர்ச்சர் வளையத்தை ஆரஞ்சு நிற 22-க்குத் திருப்பி, பக்கத்தில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளிவிடுங்கள். அப்புறம் அப்பர்ச்சரை கேமரா டயலிலேயே மாற்றலாம்.

5. சென்சார் தூசி

எஃப்/16 வைத்து, ஃபோகஸ் கலைத்து, வெளிர் வானத்தை எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ரப்பர் புளோயரிலேயே போய்விடும். வாயால் ஊதவே கூடாது. ஊதுவதற்கு முன் சென்சாரை மறைக்கும் உள் கண்ணாடியை மெனு வழியாகத் தூக்கி நிறுத்த வேண்டும்; அந்த மெனு மங்கலாக இருந்தால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அவ்வளவுதான்.

கட்டைவிரல் வைக்கும் இடத்து ரப்பர் உப்பியிருப்பதற்காக நல்ல பாடியை விட்டுவிடாதீர்கள். டபுள் சைட் டேப் போதும்.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் இரண்டு கேள்விகள் வந்தன. எஸ்டி கார்டை சிஎஃப் ஆக்கும் அடாப்டர் ஏன் நுழையவில்லை? அவற்றில் பெரும்பாலானவை 5 மி.மீ. தடிமன், இந்த ஸ்லாட் 3.3 மி.மீ. கார்டுக்கானது. அழுத்தித் திணித்தால் பின் வளையும்.

தேதி அழிந்து 'கிளாக்' மின்னுகிறதே என்பது அடுத்தது. பல மாதம் சும்மா கிடந்த கேமராவில் அப்படித்தான் ஆகும். சார்ஜ் ஆன பேட்டரியை இரண்டு நாள் உள்ளேயே விட்டால் கடிகாரத்துக்கான உள் பேட்டரி தானாக ஏறிக்கொள்ளும். அதற்குப் பிறகும் தேதி நிற்கவில்லை என்றால் சர்வீஸில் காட்டுங்கள்.