நியூயார்க்கில் நாடகம் போடுகிறீர்களா? ஈக்விட்டி ஒப்பந்தத்தில் இந்தத் தவறுகள் வேண்டாம்

போன மாதம் ஒரு இளம் குழு என்னிடம் பட்ஜெட்டைக் காட்டியது. நான் முன்பு விழுந்த அதே குழி அதில் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெருவை வைத்து வகை சொல்வது

நடிகர் சங்கமான ஈக்விட்டி முதலில் பார்ப்பது இருக்கைகளைத்தான். 500க்குக் குறையாமல் இருந்தால் பிராட்வே, 100 முதல் 499 வரை ஆஃப்-பிராட்வே, 99 வரை ஆஃப்-ஆஃப்-பிராட்வே. டைம்ஸ் சதுக்க வட்டாரத்துக்கு வெளியே, 65ஆம் தெருவில் இருக்கும் விவியன் போமாண்ட்டும் பிராட்வே அரங்கம்தான்.

ஷோகேஸ் நாடகத்தை ஆளை மாற்றி மேலே கொண்டுபோவது

இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. 99 இருக்கை அரங்கில், ஷோகேஸ் விதிகளின்படி, அதாவது சிறு அரங்கில் ஈக்விட்டி நடிகர்கள் சம்பளமில்லாமல் நடிக்கச் சங்கம் அனுமதிக்கும் விதிகளின்படி, ஒரு நாடகம் போட்டோம். நடிகர்களுக்குப் பயணச் செலவு மட்டும்தான். நாடகம் நன்றாகப் போனது. ஒரு முதலீட்டாளர் வந்தார், பெரிய அரங்குக்குப் போகலாம் என்றார், இரண்டு வேடங்களுக்குத் தெரிந்த முகம் வேண்டும் என்றார். சரி என்று மாற்றிவிட்டோம்.

யூனியனிலிருந்து கடிதம் வந்தது. ஷோகேஸில் நடித்தவருக்கே அந்த வேடத்தை முதலில் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈட்டுத்தொகை தர வேண்டும். நாங்கள் கையெழுத்திட்ட தாளிலேயே இது இருந்தது. அரங்க அமைப்புக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தோம், தொடக்க நாளும் தள்ளிப்போனது.

பணத்தைவிட, சம்பளமில்லாமல் அந்த வேடத்தை உருவாக்கியவரை ஒரு போன் கூடப் பண்ணாமல் விட்டதுதான் இன்றும் உறுத்துகிறது. நியாயம் அவர் பக்கம்தான். ஷோகேஸ் முடியும் முன்பே முதலீட்டாளரிடம் இந்த விதியைச் சொல்லிவிடுங்கள். பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு வரி போடுங்கள். அந்த இளம் குழுவின் பட்ஜெட்டில் இல்லாதது இதுதான்.

லார்ட் எழுத்துகளை இருக்கைக் கணக்காக வாசிப்பது

பிராந்திய அரங்குகளுக்கான லார்ட் ஒப்பந்தத்தில் பி, சி, டி என்ற எழுத்துகள் வாராந்திர வசூலைப் பொறுத்தவை. சிறு அரங்குகளுக்கான எஸ்.பி.டி.யில் வாரத்தில் எத்தனை காட்சி, எத்தனை மணிநேரம் என்பதே படிநிலையை முடிவு செய்கிறது. எந்த ஒப்பந்தம் எதை அளக்கிறது என்று முதலில் கேளுங்கள், அப்புறம் சம்பளப் பட்டியலைப் பாருங்கள்.

ஸ்டேஜ் மேனேஜரை விட்டுவிடுவது

ஈக்விட்டி ஸ்டேஜ் மேனேஜர்களுக்கும் சங்கம்தான். ஒப்பந்தக் கணக்கில் அவரையும் சேருங்கள்.

கூடுதல் நாற்காலி

ஷோகேஸில் இருக்கை வரம்பு 99 என்றால் 99தான். ஒரு நாற்காலிகூடக் கூடுதலாகப் போடாதீர்கள்.