ஓவன் வாங்கக் கிளம்பும்போது கேக் டின்னையும் எடுத்துக்கொள்ளுங்கள்

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே உள்ள எங்கள் ஊர்களில் ஓவன் வாங்க வருஷத்தில் இரண்டு சீசன். ஒன்று ஓணம். கேரள எல்லை தாண்டினால் பாறசாலையில் தொடங்கி திருவனந்தபுரம் வரை கடைக்குக் கடை ஆஃபர் போர்டு தொங்கும். மற்றது டிசம்பர் முதல் வாரம். கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரிப்பருப்பும் உலர்திராட்சையும் ஊறப் போட்டாயிற்று, சுட என்ன இருக்கிறது என்று யோசிக்கும் வாரம் அது. இரண்டு சீசனிலும் அவசரம்தான். அவசரத்தில் நடக்கும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

நான் முதலில் வாங்கியது ஓணம் ஆஃபரில், 20 லிட்டர் மைக்ரோவேவ். கன்வெக்‌ஷன் உண்டு, அதாவது சூடான காற்றை விசிறி சுழற்றும், கேக் சுடலாம் என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை. வீட்டில் இருந்தது அம்மாவின் 8 அங்குல சதுர டின். மாவை ஊற்றி உள்ளே வைத்து ஸ்டார்ட் அழுத்தினேன். கண்ணாடித் தட்டு கால் வட்டம் சுற்றியது, டின்னின் மூலை சுவரில் முட்டியது, 'டக்' என்று நின்றது. அந்தத் தட்டைச் சுற்றும் குட்டி மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. முட்டினால் எதிர்ப்பக்கம் திரும்பிச் சுற்றும். அங்கேயும் முட்டியது. முக்கால் மணி நேரமும் டக், டக். "மக்ளே, இது கேக்கு சுடுதா, அம்மி அரைக்குதா?" என்று கேட்டாள் அம்மா. கேக்கின் ஒரு பக்கம் கறுத்து, மறுபக்கம் களியாக வந்தது.

கணக்கு ரொம்ப எளிது, நான்தான் போடவில்லை. 8 அங்குல சதுரம் மூலைக்கு மூலை அளந்தால் 11.3 அங்குலம், கிட்டத்தட்ட 29 சென்டிமீட்டர். என் மைக்ரோவேவின் கண்ணாடித் தட்டு 24.5 சென்டிமீட்டர்தான். 20 லிட்டர் என்ற எண் டின் நுழையுமா என்பதைச் சொல்லாது. உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு அது, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது உள் அகலம், உள் ஆழம், உயரம் மூன்றும். இவை பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்காது. அதனால் டின்னையே கடைக்குக் கொண்டுபோய், கதவைத் திறந்து, வைத்துப் பார்த்துவிடுங்கள். கடைப் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓ.டி.ஜி. என்கிற ஓவன்-டோஸ்டர்-கிரில் அடுப்பில் மேலேயும் கீழேயும் சூட்டுக் கம்பிகள் இருக்கும். 4 அங்குல உயர டின்னை நடுத் தட்டில் வைத்தால், பொங்கி வரும் கேக்கின் தலை மேல்கம்பிக்கு இரண்டு விரல் தூரத்தில் நிற்கும். மேலே கருகல், நடுவே பச்சை மாவு. சின்ன ஓ.டி.ஜி. வாங்கியவர்கள் "தெர்மோஸ்டாட் சரியில்லை" என்று குறைப்படுவதில் பல இந்தக் கதைதான். தட்டைக் கீழ்ப்படியில் வைத்தும் மேலே நல்ல இடைவெளி கிடைக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்காக வாங்குகிறோம் என்பதில் தெளிவில்லாமல் போவது இன்னொரு தவறு. மைக்ரோவேவ் அலை உணவிலுள்ள நீர்த் துகள்களை அசைத்துச் சூடாக்குகிறது. நேற்றைய மீன்குழம்பைச் சூடாக்க, மரச்சீனிக் கிழங்கை வேகவைக்க அது போதும். ஆனால் கேக்கின் மேல் சிவந்த நிறமும் ரொட்டியின் மொறுமொறுப்பும் வராது, ஏனென்றால் அதற்கு வறண்ட, கடுமையான வெளிச்சூடு வேண்டும். ஓ.டி.ஜி.யில் அந்தச் சூடு உண்டு. ஆனால் குழம்பைச் சூடாக்க அதைப் போட்டால் காத்திருந்து பசி போய்விடும். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் இரண்டையும் செய்யும், இரண்டிலும் சுமாராக. வாரம் ஒருமுறை கேக், தினமும் சூடாக்கல் என்றால் அது சரி. கேக்தான் முக்கியம், ஆர்டர் எடுக்கும் எண்ணமும் உண்டு என்றால் 28 லிட்டருக்குக் குறையாத ஓ.டி.ஜி. வாங்குங்கள், விசிறி உள்ளதாக. ஏர் ஃப்ரையரை ஓவன் என்று விற்கிறார்கள். நெத்திலி வறுக்க நன்று, கிறிஸ்துமஸ் கேக்குக்கு அது வேண்டாம்.

விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஓடும்போது சூடு வேகமாக ஏறும். குறிப்பில் 180 டிகிரி என்று போட்டிருந்தால் 160 போதும். இது தெரியாமல் விசிறிக்காகக் கூடுதல் விலை கொடுத்து, வறண்ட கேக் சாப்பிடுபவர்கள் உண்டு.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டில் ஓவன் கிடையாது. மாவைக் கலக்கி, டின்னை ஈரத்துணியில் சுற்றி, பேக்கரி போர்மாவில் கொடுத்துச் சுட்டு வாங்குவோம். போர்மா என்பது செங்கல் அடுப்பு. 1883-ல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு, முர்டோக் பிரவுன் என்ற தோட்டத் துரைக்காகக் கிறிஸ்துமஸ் கேக் சுட்டுக் கொடுத்த கதையைக் கேரளத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர் காலத்து அடுப்பில் பொத்தானும் இல்லை, டிகிரியும் இல்லை. போர்மாவின் பலம் செங்கல்லில். ஒருமுறை சூடேறினால் கதவைத் திறந்தாலும் சூடு விடாது. நம் ஓ.டி.ஜி.யின் மெல்லிய தகரத்துக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. திறந்த அரை நிமிஷத்தில் உள்சூடு படபடவென்று இறங்கிவிடும். ஆகவே, உள்விளக்கு இல்லாத ஓவனை வாங்காதீர்கள். விளக்கு இருந்தால் கதவைத் திறக்காமல் பார்க்கலாம். இருட்டில் கேக் உப்பியதா என்று பார்க்கத் திறந்து திறந்து அதை அமுங்கச் செய்தவள் நான்.

இனி கரண்ட். எனக்குப் பயம் இங்கேதான், ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

வீட்டில் சாதாரண பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட். பெரிய ஓ.டி.ஜி.கள் 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கும். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக் கட்டாயம். மிக்சிக்குப் பக்கத்தில் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் முதல் வாரம் ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் பிளக் கையில் சுடும், பிளாஸ்டிக் மணம் வரும். இதைவிட மோசம் ஒன்றுண்டு. பழைய ஓட்டு வீட்டில் சாக்கெட்டை மட்டும் பெரிதாக்கி, சுவருக்குள் பழைய மெல்லிய வயரை அப்படியே விட்டுவிடுவார்கள். பார்க்க 16 ஆம்பியர், உள்ளே விளக்கு வயர். வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டு, 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தாமிர வயர் தனியாக வருகிறதா, எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடைக்குப் போங்கள். ஓவன் விலையில் இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வோல்டேஜும் விளையாடும். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் மோட்டாரும் ஏ.சி.யும் ஓடும் நேரத்தில் 230 இறங்கி 190 ஆகிவிட்டால், சூட்டுக் கம்பி 2000 வாட் தராது, சுமார் 1360 வாட்தான் தரும். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதே ஓவன், அதே குறிப்பு, காலையில் நன்றாக வந்த கேக் இரவில் உட்கார்ந்துவிடும். கண்டிப்பாக கேக் நன்றாக வரவேண்டும் என்றால் நான் விடியற்காலையில்தான் சுடுவேன். இன்வர்ட்டரில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டு இன்வர்ட்டர் 850 வி.ஏ. என்றால் அதற்கு இது மலை.

வளைகுடாப் பெட்டி

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். லீவுக்கு வரும்போதோ, மொத்தமாகத் திரும்பும்போதோ கார்கோவில் ஓவன் வரும். துபாய், கத்தார், ஓமன் பக்கத்து ஓவன்களின் மூன்று சதுரக் கால் பிளக் நம் சாக்கெட்டில் நுழையாது. ஐம்பது ரூபாய் அடாப்டர் போட்டு ஓட்டுகிறார்கள். ஓவன் இழுக்கும் கரண்டுக்கு அந்த அடாப்டர் உருகும். பிளக்கை வெட்டி நம் 16 ஆம்பியர் பிளக்கை வயர்மேன் கையால் மாற்றிக்கொள்வதே சரி.

சவுதியிலிருந்து வரும் மைக்ரோவேவ் வேறு விஷயம். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த மைக்ரோவேவ் 60-க்கென்று செய்யப்பட்டிருந்தால் இங்கே அளவுக்கு மீறிச் சூடாகிக் கெடும். முதுகில் ஒட்டிய தகட்டில் 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன்பே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மச்சான் பாசமாகக் கொண்டுவந்ததை எப்படி வேண்டாம் என்பது என்ற சங்கடம் அப்போது வராது.

புது வீடு கட்டும்போது சுவரில் பதிக்கும் பில்ட்-இன் ஓவன் கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். 60 சென்டிமீட்டர் அகலம், 3000 வாட்டுக்கு மேல் போகும் மாடல்களும் உண்டு. தச்சர் முதலில் அலமாரி செய்வார், பிறகு ஓவன் வரும், நுழையாது. அல்லது நுழையும், பின்னால் காற்றுப் போக வழி இருக்காது, பக்கத்து மைக்கா உப்பிக் கழன்று வரும். மாடலை முடிவுசெய்து, அதன் கையேட்டில் உள்ள அளவுப் படத்தைத் தச்சர் கையில் கொடுத்த பிறகே பலகை அறுக்க வேண்டும்.

எல்லை தாண்டி வாங்குவது தப்பில்லை. நானும் வாங்குகிறேன். ஆனால் விலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். திருவனந்தபுரத்தில் வாங்கியது பழுதானால் மெக்கானிக் நாகர்கோவிலிலிருந்துதான் வரவேண்டும். நம் பின்கோடுக்கு ஆள் அனுப்புவார்களா என்று கம்பெனியின் இலவச எண்ணில் கேட்டுவிட்டு வாங்குங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. கம்பி எரிந்தபோது ஆஃபரில் மிச்சம் பிடித்ததைவிடப் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அதிகம் போயிற்று. இலவசமாகக் கொடுத்த கையுறை மட்டும் இன்றும் இருக்கிறது.

எங்களுக்கு மழை இரண்டு தடவை, ஜூனிலும் ஐப்பசியிலும். மழைக்காலம் முழுக்கப் போடாமல் வைத்த ஓ.டி.ஜி.யை டிசம்பரில் போட்டவுடன், கரண்ட் கசிந்தால் தானே அணையும் வீட்டுப் பாதுகாப்பு சுவிட்சான ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிறது என்று அலறுவார்கள். உறை போட்ட சூட்டுக் கம்பிக்குள் இருக்கும் பொடி ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கரண்ட் கசிகிறது. அந்த ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லும் அறிவாளியை வீட்டுக்குள் விடாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் வெறுமனே சூடாக்கி வைத்தால் அந்த ஈரம் சேராது. குளச்சல், முட்டம் போலக் கடலோரம் இருப்பவர்கள் பெயின்ட் அடித்த தகர உடம்பைவிட ஸ்டீல் உடம்பு வாங்குவது நல்லது. உப்புக்காற்று முதலில் அரிப்பது கதவுக் கீலைத்தான்.

டிகிரி எண்ணை நம்பிவிடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த ஓவனில் குமிழ் 180 காட்டினாலும் உள்ளே 160 இருக்கும், 200-ம் இருக்கும். முடிந்தால் ஓவனுக்குள் வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு ஸ்பூன் சர்க்கரை போதும். சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரியில். குமிழை 175-ல் வைத்து கால் மணி நேரம் விட்டும் உருகினால் ஓவன் கூடுதல் சூடு. 195-ல் வைத்தும் உருகவில்லை என்றால் குறைவு. எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்று பென்சிலால் ஓவன் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் மாவு கலக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, உள்ளே எதுவும் வைக்காமல் 200 டிகிரிக்கு மேல் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். கம்பியில் தடவிய எண்ணெய் எரிந்து புகையும் வாடையும் வரும். அது பழுது அல்ல. என் இரண்டாவது ஓவனை அப்படி ஓட்டியபோது மதிலுக்கு அப்பாலிருந்து பாறசாலைக்காரச் சேச்சி ஒரு வாளித் தண்ணீரோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "அய்யோ, தீ பிடிச்சோ?" நான் ஓவனைக் காட்டினேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கதவைத் திறந்து பார்த்து, "உள்ளே ஒண்ணுமில்லையே, பின்னே எதுக்குக் கரண்டை எரிக்கிற?" என்றாள்.