போன் தொலைவதற்கு முன்பே சிம்மைப் பூட்டி வையுங்கள்

பேருந்து நெரிசலில் போன் பறிபோனால் முதலில் அதன் விலைதான் மனதில் ஓடும். அடுத்து உள்ளே இருக்கும் படங்கள். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய ஆபத்து அதில் செருகியிருக்கும் சிம்மில்தான் இருக்கிறது. போனுக்குக் கைரேகை, பின் என்று எல்லாப் பூட்டும் போட்டிருப்போம். சிம்முக்கு ஒன்றும் இருக்காது. குண்டூசியால் ட்ரேயைத் தள்ளி சிம்மை எடுத்து வேறு போனில் போட்டால், உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபி எல்லாம் அந்தப் போனுக்குப் போய்ச் சேரும்.

அதன் பிறகு நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். வேறு போனில் ஒரு யுபிஐ செயலியை நிறுவினால், அது அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி எண்ணை உறுதி செய்துகொண்டு, அந்த எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்குகளைக் காட்டும். பணம் அனுப்ப யுபிஐ பின் தேவை. அது தெரியாவிட்டால் புதிதாக வைத்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு: டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களும் காலாவதி மாதமும், அல்லது ஆதாரின் முதல் ஆறு இலக்கங்கள். இரண்டிலும் உறுதிப்படுத்த ஓடிபி வரும். இப்போது உங்கள் போன் உறையைத் திறந்து பாருங்கள். பின்பக்கப் பையில் டெபிட் கார்டோ ஆதார் நகலோ இருந்தால், திருடியவர் கையில் எல்லாமே ஒரே இடத்தில் கிடைத்துவிடும். இதைப் படித்து முடிப்பதற்குள் செய்யக்கூடிய வேலை, அந்தக் கார்டை எடுத்து வேறு இடத்தில் வைப்பது. கேலரியிலும், வாட்ஸப்பில் நமக்கு நாமே அனுப்பி வைத்திருக்கும் செய்திகளிலும் கார்டு, ஆதார் படங்கள் இருந்தால் அவற்றையும் அழித்துவிடுங்கள். ஆதாருக்கு அரசின் டிஜிலாக்கர் செயலி இருக்கிறது.

சிம் பின் வைப்பது

சிம் பின் என்பது போனின் பின் அல்ல. சிம்முக்குள்ளேயே பதியும் நான்கு முதல் எட்டு இலக்க எண். இது இருந்தால், சிம்மை எந்தப் போனில் போட்டாலும் அந்த எண்ணைக் கேட்கும். தராதவரை அழைப்பும் வராது, எஸ்எம்எஸ்ஸும் வராது.

சாம்சங் போனில் செட்டிங்ஸ், செக்யூரிட்டி அண்ட் பிரைவசி, மோர் செக்யூரிட்டி செட்டிங்ஸ், அதற்குள் சிம் கார்டு லாக். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் மொபைல் டேட்டா, அதில் சிம் பின். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் சிம் லாக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்துவிடும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். லாக்கை இயக்கியதும் போன் ஒரு பின் கேட்கும். அது நீங்கள் வைக்கப்போகும் புதிய பின் இல்லை. சிம் வரும்போதே அதற்குள் இருக்கும் பழைய பின். பெரும்பாலும் 1234 அல்லது 0000 ஆக இருக்கும். ஆனால் ஊகத்தில் தட்டாதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு பியுகே என்னும் எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். புது சிம்தான் வாங்க வேண்டும். அதனால் முதலில் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு, இந்த சிம்முக்கு ஆரம்ப பின் என்ன, பியுகே என்ன என்று இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிம் வந்த அட்டை இன்னும் வீட்டில் இருந்தால் அதிலேயே அச்சிட்டிருக்கலாம்.

லாக் இயங்கியதும் அதே பக்கத்தில் உள்ள சேஞ்ச் சிம் பின் வழியாக உடனே எண்ணை மாற்றுங்கள். 1234 என்றே விட்டு வைத்தால் பூட்டியதில் பயன் இல்லை. போன் பின், ஏடிஎம் பின், யுபிஐ பின் எதுவாகவும் அது இருக்கக்கூடாது. இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். வங்கியோடும் ஆதாரோடும் இணைந்த எண் எதுவோ அதை முதலில் செய்யுங்கள். இ-சிம்முக்கும் பின் வைக்கலாம். அதைக் கழற்றி எடுக்க முடியாது என்பது கூடுதல் நன்மை.

இதில் ஒரு தொல்லை உண்டு. போன் அணைந்து எழும்போதெல்லாம் சிம் பின் கேட்கும். இரவில் அப்டேட் வந்து தானாக ரீஸ்டார்ட் ஆனால், காலையில் நீங்கள் பின் போடும்வரை யாரும் உங்களை அழைக்க முடியாது. தனியாக இருக்கும் வயதான பெற்றோரின் போனில் இதை வைக்கும் முன் யோசியுங்கள். வைத்தால் அந்த எண்ணை வீட்டில் இன்னொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு மாதம் ஓரிரு முறை வரும் இந்தச் சிறு தொந்தரவைப் பொறுத்துக்கொள்வதே நல்லது என்பேன்.

சிம் போனுக்குள்ளேயே இருந்தால்

போன் அணையாமல் இருக்கும்வரை சிம் பின் எதையும் தடுக்காது. லாக் ஸ்கிரீனிலேயே ஓடிபி முழுதாகத் தெரிந்தால் பூட்டைத் திறக்காமலே படித்துவிடலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் லாக் ஸ்கிரீனுக்கான தேர்வைத் திறந்து, செய்தியின் உள்ளடக்கம் பூட்டு திறந்த பிறகே தெரியும்படி மாற்றுங்கள். ஐபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ், ஷோ பிரிவியூஸ், வென் அன்லாக்ட். ஆனால் குரல் அழைப்பில் சொல்லப்படும் ஓடிபியை இது தடுக்காது. பூட்டிய போனிலும் அழைப்பை எடுக்க முடியும். அதனால்தான் தொலைந்த பிறகு வேகம் முக்கியம்.

ஐபோனில் ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோட் பக்கத்தில் அலவ் ஆக்சஸ் வென் லாக்ட் என்ற பட்டியலில் கன்ட்ரோல் சென்டரை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பூட்டைத் திறக்காமலே ஏரோபிளேன் மோடைப் போட்டு உங்கள் தேடலை முறித்துவிடலாம். அங்கேயே ஸ்டோலன் டிவைஸ் புரொடக்‌ஷன் இருக்கிறது. 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3 உடன் வந்தது. வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடத்துக்கு வெளியே ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற முயன்றால், பாஸ்கோட் தெரிந்திருந்தாலும் முகமோ கைரேகையோ கேட்டு, ஒரு மணி நேரம் காக்கவைத்து, மீண்டும் கேட்கும். நீங்கள் பாஸ்கோட் தட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் பறிப்பவர்களுக்கு எதிரான ஏற்பாடு இது.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் கூகுள் பகுதியில் தெஃப்ட் புரொடக்‌ஷன் என்று தேடுங்கள். கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து தானே பூட்டிக்கொள்ளும் வசதியும், நெட் இல்லாமல் போனால் பூட்டிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. பல போன்களில் அணைந்தே இருக்கும். நீங்கள்தான் இயக்க வேண்டும். வாட்ஸப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பகுதியில் ஆறு இலக்க பின் வைத்துவிடுங்கள். சிம் கையில் இருப்பவர் ஓடிபியோடு வந்தாலும் அந்த பின் இல்லாமல் உங்கள் பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்க முடியாது.

ஒரு தாளில் எழுத வேண்டியவை

போனைக் கண்டுபிடிக்கும் வழிகள் எல்லாம் போனுக்குள்ளேயே இருந்தால், தொலைந்த அன்று அவை உதவாது. அதனால் தாள்தான் நல்லது. வீட்டில், பணப்பைக்கு வெளியே.

*#06# டயல் செய்தால் ஐஎம்இஐ என்னும் போனின் தனி அடையாள எண் வரும், 15 இலக்கம். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண்கள், இரண்டையும் எழுதுங்கள். அடுத்து வங்கியின் கார்டு முடக்கும் எண். பிறகு உங்கள் சிம் நிறுவனத்தை வேறு நிறுவன எண்ணிலிருந்து கூப்பிடும் எண். நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் மூன்று இலக்க எண் அந்த நிறுவனத்தின் சிம்மிலிருந்துதான் போகும் என்பது பக்கத்திலிருப்பவர் போனைக் கடன் வாங்கும்போதுதான் தெரியவரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கூகுளின் பேக்கப் கோட்கள். கூகுள் கணக்கு, செக்யூரிட்டி, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், பேக்கப் கோட்ஸ் என்று போனால் எட்டு இலக்க எண்கள் பத்து கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு. நண்பரின் போனில் உங்கள் கணக்குக்குள் நுழைய முயலும்போது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு தொலைந்த போனுக்கே போகும். அந்த நேரத்தில் இந்தக் கோட் ஒன்றுதான் கதவைத் திறக்கும். மறுபடி புதுத் தொகுப்பு எடுத்தால் பழையது செல்லாது, தாளையும் மாற்றுங்கள். ஆப்பிளில், தொலைந்த போனைத் தேட உதவும் ஐகிளவுட் தளத்தின் ஃபைண்ட் டிவைசஸ் பக்கம் மட்டும் இரண்டாம் சரிபார்ப்பு இல்லாமலே திறக்கும். பாஸ்வேர்டு நினைவில் இருந்தால் போதும்.

தொலைந்ததும் எதை முதலில் செய்வது

எது முதலில் என்பது சிம் பின் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சிம்மை முடக்கினால் போனின் நெட்டும் போய்விடும். அதன் பிறகு வைஃபை கிடைக்காதவரை தொலைவிலிருந்து நீங்கள் கொடுக்கும் பூட்டும் கட்டளை போனுக்குப் போய்ச் சேராது, தேடுவதும் கடினமாகும். சிம் பின் வைத்திருந்தால் முதலில் கூகுளின் ஃபைண்ட் ஹப் வழியாகவோ (2025 வரை ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்தது), ஆப்பிளின் ஃபைண்ட் மை வழியாகவோ போனைப் பூட்டிவிட்டு, பிறகு சிம்மை முடக்குங்கள். சிம் பின் இல்லையென்றால் தேடலில் நேரத்தைக் கழிக்காதீர்கள். சிம் முதலில் சாக வேண்டும். கூட யாராவது இருந்தால் ஒருவர் சிம் நிறுவனத்தைக் கூப்பிடட்டும், மற்றவர் போனைப் பூட்டட்டும்.

அடுத்து வங்கி. கார்டை முடக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். யுபிஐயையும் மொபைல் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, உங்கள் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், நீங்கள் வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதை நிரூபிக்க உங்களிடம் இருப்பது அந்தப் புகார் எண்தான். பணம் ஏற்கெனவே போயிருந்தால் அதே மூச்சில் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்கு அழையுங்கள். போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்தி வைக்க முயல்வார்கள். தாமதமாக ஆக வாய்ப்பு குறையும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீதோ எஃப்ஐஆர் நகலோ வாங்குங்கள். ஓடும் பேருந்தில் போனது எங்கள் எல்லையில் வராது என்று சொன்னால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவைச் சொல்லலாம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது அது. தொலைந்தது என்று எழுதச் சொன்னாலும், பறித்திருந்தால் பறித்தார்கள் என்றே எழுதுங்கள்.

அந்த ரசீதோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போனால் ஐஎம்இஐயை முடக்கலாம். போன் வாங்கிய பில், ஓர் அடையாள ஆவணம், புகார் நகல் மூன்றையும் படமாக வைத்துக்கொண்டு உட்காருங்கள். முடக்கிய பிறகு அந்தப் போன் இந்தியாவில் எந்த நிறுவன சிம்மிலும் வேலை செய்யாது. தரப்படும் ரெக்வெஸ்ட் ஐடியைத் தாளில் எழுதுங்கள். போன் திரும்பக் கிடைத்தால் முடக்கத்தை நீக்க அது வேண்டும்.

புது சிம் வாங்கியதும் எல்லாம் உடனே சரியாகாது. சிம் மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். ஓடிபி மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு அது. ஆகவே யுபிஐயை மீண்டும் இணைப்பது மறுநாள்தான். செலவுக்குக் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றவும் முடியாது.

பிறகு வரும் செய்திகள்

பூட்டிய போனை உதிரிப் பாகமாக விற்றால் கிடைப்பது கொஞ்சம்தான். முழுப் போனாக விற்க உங்கள் கணக்கை அதிலிருந்து நீக்க வேண்டும். அதனால், உங்கள் போன் கிடைத்துவிட்டது, இருக்கும் இடம் பார்க்க இதைத் தொடுங்கள் என்று சில நாட்களோ வாரங்களோ கழித்து எஸ்எம்எஸ் வரலாம். தொட்டால் ஆப்பிள் அல்லது கூகுள் போலவே ஒரு பக்கம் திறந்து பாஸ்வேர்டு கேட்கும். போடாதீர்கள். சேவை மையத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஃபைண்ட் மை பட்டியலிலிருந்து போனை நீக்கச் சொன்னாலும் செய்யாதீர்கள். தொலைவிலிருந்து எரேஸ் செய்யலாம். அப்போதும் கணக்கின் பூட்டு போனில் இருக்கும். ரிமூவ் என்பதைத் தொட்டால்தான் அந்தப் பூட்டு விலகும். புதுப் போன் வாங்கிய பிறகும் பழைய போனின் பெயர் அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கட்டும்.