அமேசான் லில்லி இலை மட்டுமே விடுகிறதா? வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் தாமான் வீடுகளில் வெயில் கேட்காத பூச்செடி வேண்டுமென்றால் அமேசான் லில்லியைத் தாராளமாக வாங்கலாம். அகன்ற கரும்பச்சை இலை, முழ உயரத் தண்டின் நுனியில் தலைகவிழ்ந்த நாலைந்து வெள்ளைப் பூக்கள், நல்ல வாசம். நர்சரியிலிருந்து வரும்போது பூவோடு வரும். பிறகு இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல, அளவு மீறிய கவனிப்பு.

முதல் தவறு தண்ணீரில். எப்போதும் ஈரத்திலேயே இருக்கும் செடி இலையைத்தான் வளர்க்கும். சற்றுக் காய்ந்து, பிறகு நிறையத் தண்ணீர் கிடைத்தால்தான் பூந்தண்டு கிளம்பும். வயலுக்குச் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் இதற்கும் பொருந்தும். நம் ஊரில் ஆண்டு முழுக்க ஈரக்காற்று என்பதால் அந்தக் காய்ச்சலை நாம்தான் கொடுக்க வேண்டும். புது இலைகள் விரிந்து செடி தெம்பாக இருக்கும்போது தொடங்குங்கள். மூன்று நான்கு வாரம் உரம் கிடையாது; வாரம் ஒருமுறை அரைக் கப் தண்ணீர் போதும். இலை லேசாகத் துவண்டால் பயம் வேண்டாம். மஞ்சளாகத் தொடங்கினால் அளவு தாண்டிவிட்டது, உடனே ஊற்றுங்கள். கெடு முடிந்ததும் அடித்துளையில் வடியும்வரை ஊற்றி, அதன்பின் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றி வாருங்கள். சில வாரங்களில் இலைகளுக்கு நடுவே தண்டு தலைகாட்டும். காட்டாவிட்டால் இரண்டு மூன்று மாதம் வளரவிட்டு மறுபடி செய்யலாம்.

சிலர் இதற்கு நேரெதிராக, இலையை எல்லாம் வெட்டிக் கிழங்கைத் தோண்டிக் காகிதத்தில் சுற்றி வைக்கிறார்கள். இது இலை உதிர்த்து உறங்கும் வகை அல்ல. இலை போனால் அடுத்த பூவுக்கான சேமிப்பும் போய்விடும்.

நிழல் பிடிக்கும் என்றதும் இருட்டு மூலையில் வைப்பது அடுத்த தவறு. தென் அமெரிக்க மழைக்காட்டில் மரநிழலில் வளரும் செடி இது; அங்கே நேர் வெயில்தான் இல்லை, வெளிச்சம் உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு, விளக்குப் போடாமல், தொட்டி இருக்கும் இடத்தில் நாளிதழ் படிக்க முடிய வேண்டும். வெள்ளைப் பூ என்பதால் சாமி அறையில் வைக்க ஆசைப்படுவோம். வரிசை வீடுகளில் பல சாமி அறைகளுக்குச் சன்னலே இருக்காது. கிழக்குச் சன்னலருகே வளர்த்து, மொட்டு விரியும்போது மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். மேற்குப் பார்த்த கார் நிறுத்துமிடம் வேண்டாம். பிற்பகல் வெயிலில் இலை வெளுத்துக் கருகும். ஏர்கான் காற்று நேராகப் படும் இடமும் ஆகாது, மொட்டு விரியாமலே காய்ந்துவிடும்.

தொட்டி பெரிதாக இருந்தால் செடி வேகமாக வளரும் என்பது தவறான கணக்கு. ஒற்றைக் கிழங்கு பெரிய தொட்டியில் இருந்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து கிழங்கை அழுக வைக்கும். 20 சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் நாலைந்து கிழங்குகளை நெருக்கி நடுங்கள். கிழங்கின் கழுத்து (இலை கிளம்பும் மேல்நுனி) மண் மட்டத்தில் இருக்கட்டும். நெருக்கத்தில்தான் நன்றாகப் பூக்கும். அதனால் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டி மாற்றினால் போதும். தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் போட்டால் இறுகிவிடும். இரண்டு பங்கு மண்ணுக்கு, கரித்த உமி, பருமணல், மக்கிய உரம் ஒவ்வொரு பங்கு சேருங்கள்.

செம்பனைக்குப் போடும் உரத்தில் ஒரு பிடி கொண்டுவந்து தொட்டியில் தூவாதீர்கள். அது பெரிய மரத்துக்கான அளவு. சிறிய தொட்டியில் உப்புச் சேர்ந்து வேர் கருகும், இலை நுனி பழுப்பாகும். யூரியா மட்டும் போட்டால் இலைதான் பெருகும். தண்ணீரில் கரையும் 15-15-15 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது), லிட்டருக்கு 1 கிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஈரமண்ணில் ஊற்றுங்கள்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். வேர் அழுகுவது ஒருபுறம், ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் மலேசியாவின் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு.

இலைக்காம்புகள் சேரும் இடத்தில் பஞ்சுபோல் வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து பஞ்சால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைக்க வேண்டும். வாரம் ஒருமுறை என மூன்று நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள். ஒருமுறை துடைத்துவிட்டு விட்டால் மறைந்திருந்த முட்டைகள் பொரித்துத் திரும்ப வரும்.

கிழங்கு பார்ப்பதற்குச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். அதில் லைகோரின் என்ற நஞ்சு உண்டு. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், பூனை நாய்களுக்கும் ஆகாது. பிரித்து நடும் நாளில் கிழங்குகளைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். சாறு சிலருக்கு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.