போன் திருத்தக் குடுக்க முதல் இதச் செய்யுங்கோ

போன மாசம் கிளிநொச்சி டவுனில ஒரு கடையில டிஸ்பிளே மாத்தக் குடுத்தனான், கடைப் பெடியன் "அக்கா லொக் நம்பரச் சொல்லுங்கோ, டச் வேலை செய்யுதோ எண்டு பாக்கோணும்" எண்டான், நானும் யோசிக்காம சொல்லிப்போட்டு பஸ் ஏறிட்டன், பரந்தன் தாண்டேக்கதான் நெஞ்சு திக்கெண்டது, தங்கச்சியின்ர சாமத்தியவீட்டுப் படம், ஐடென்டி கார்ட், பாங்க் புத்தகம் எல்லாம் அதுக்கதான கிடக்கு!

சும்மா அழிச்சாக் காணாது. கூகிள் போட்டோஸில பேக்கப் ஆன படம் அழிச்சாப்பிறகும் ட்ராஷில 60 நாள் கிடக்கும், ஐபோனில 30 நாள். அதுக்குள்ளயும் போய் அழிக்கோணும், ஆனா முதல் வேற இடத்தில கொப்பி எடுங்கோ, பேக்கப் ஆனத அழிச்சா அக்கவுண்டிலயும் போயிடும்.

புது சாம்சங் எண்டா இன்னும் லேசு. செட்டிங்ஸில 'மெயின்டனன்ஸ் மோட்' எண்டு தேடி ஒன் பண்ணிக் குடுங்கோ, போன் ரீஸ்டார்ட் ஆகி புதுப் போன் மாதிரி நிக்கும், உங்கட படம், மெசேஜ் ஒண்டும் தெரியாது, திரும்ப வெளிய வர உங்கட லொக் வேணும். மெமரி கார்ட், சிம் ரெண்டையும் கழட்டி பேர்சுக்க வையுங்கோ.

டச்சே செத்திட்டுதெண்டா இதொண்டும் ஏலாது, கடையிலயே கதிரையப் போட்டுக் குந்தியிருந்து வேலை முடியப் பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ. நான் இப்ப அப்பிடித்தான்.